பேப்பர் விற்ற பையன் கார் செய்த கதை

லண்டன் நகரம். 1870களின் தொடக்கம். விடிந்தும் விடியாத குளிரில் ஒரு சிறுவன் ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்தான். வயது பத்துதான் இருக்கும். அப்பா இறந்துவிட்டார். அம்மா வேறொரு வீட்டில் வேலை பார்த்து வந்தார். பாலில் நனைத்த இரண்டு ரொட்டித் துண்டுகள்தான் சில நாட்களில் அவனுடைய முழுச் சாப்பாடு. பள்ளிக்கூடத்துக்குப் போனது மொத்தமே ஓராண்டுதான்.

அந்தச் சிறுவனின் பெயர் பின்னாளில் உலகத்தின் மிக உயர்ந்த கார் ஒன்றின் முகப்பில் பொறிக்கப்பட்டது. அவன்தான் ஹென்றி ராய்ஸ். 'ரோல்ஸ்-ராய்ஸ்' என்ற பெயரில் இரண்டாவதாக வருகிறாரே, அவர்தான்!

மாவு மில்லுக்காரர் மகன்

ஹென்றி ராய்ஸ் 1863ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்திலுள்ள ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பா மாவு மில் நடத்தினார். தொழில் நொடித்துப் போனது. பிழைப்பு தேடி அப்பா லண்டனுக்குப் போனார். அங்கும் விடியவில்லை. 1872இல் ஏழைகள் விடுதி ஒன்றில் அவர் இறந்து போனார்.

அதன் பிறகு சிறுவன் ஹென்றி செய்யாத வேலை இல்லை. செய்தித்தாள் விற்றான். தந்தி கொண்டு போய்க் கொடுத்தான். ஆனால் அவனுக்கு இயந்திரங்கள் மேல்தான் ஆசை. ரயில் இன்ஜினைக் கண்டால் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுடைய அத்தை ஒருவர் இதைக் கவனித்தார். அந்தக் காலத்தில் தொழில் பழகச் சேருவதற்குப் பணம் கட்ட வேண்டும். வருடத்துக்கு 20 பவுண்டு தானே கட்டுவதாக அத்தை சொன்னார். 1878இல் பீட்டர்பரோவிலுள்ள ரயில்வே பட்டறையில் ஹென்றி தொழில் பழகச் சேர்ந்தான்.

தோட்டத்துக் கொட்டகை

ஹென்றி தங்கியிருந்த வீட்டுக்காரரும் அதே ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொட்டகை இருந்தது. அதற்குள் ஒரு லேத், மர வேலை மேஜை, வகை வகையான கருவிகள்! மாலை நேரங்களில் ஹென்றிக்கு அந்தக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். அரம் பிடிக்கவும், இரண்டு உலோகத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் பொருத்தவும் அங்குதான் கற்றுக்கொண்டான்.

அரம் பிடிப்பது என்ன பெரிய வித்தை என்று நினைக்கிறீர்களா? ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மேல்பக்கம் முழுவதும் மட்டமாக வரும்படி செய்து பாருங்கள். நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும்தான் வரும். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பின்னே வரும்போது அழுத்தினால் பற்கள் மழுங்கிவிடும். முதலில் சொரசொரப்பான அரம், அப்புறம் நடுத்தரம், கடைசியில் நைஸ் அரம் என்று வரிசையாக எடுக்க வேண்டும். எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று தெரிந்துகொள்வதுதான் தொழிலின் முதல் பாடம். ஹென்றி அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் ஓடின. அத்தையிடம் பணம் தீர்ந்துவிட்டது. ஹென்றியின் பயிற்சி பாதியில் நின்றது. கையில் சான்றிதழ் இல்லை. நாடு முழுவதும் வேலை கிடைக்காத காலம் அது. இப்போது அவன் என்ன செய்வான்?

பதினோரு ஷில்லிங் சம்பளம்

ஹென்றி ஊர் ஊராக நடந்தே வேலை தேடினான். கடைசியில் லீட்ஸ் நகரில் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 11 ஷில்லிங்தான் சம்பளம். விடியற்காலையில் போனால் இரவில்தான் திரும்ப முடியும். சான்றிதழ் இல்லாத அவனுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தது கொட்டகையில் பழகிய கைகள்தான்.

பிறகு லண்டனுக்கு வந்து மின்சாரக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் மின்சாரம் பற்றிய வகுப்பு என்று உழைத்தார். 1884இல், தன்னுடைய 21ஆம் வயதில், சேமித்து வைத்திருந்த 20 பவுண்டை எடுத்துக்கொண்டு மான்செஸ்டர் நகருக்குப் போனார். எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பர் 50 பவுண்டு போட்டார். குக் தெருவில் ஒரு சிறிய பட்டறை தொடங்கினார்கள். வீட்டுக்கான மின்சாரச் சாமான்களில் ஆரம்பித்து, பிறகு டைனமோ, மின்சாரத்தில் ஓடும் கிரேன் என்று வளர்ந்தார்கள். ராய்ஸ் செய்த சாமான் என்றால் பழுதாகாது என்று பெயர் வந்தது.

பிரித்துப் போட்ட கார்

அந்தக் காலத்தில் கார் என்பது புதுசு. ராய்ஸ், டெக்கோவில் என்ற பிரெஞ்சு நாட்டுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதன் சத்தமும் அதிர்வும் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு யாராவது இருந்தால் கடைக்காரரைத் திட்டியிருப்பார்கள். ராய்ஸ் ஸ்பேனரை எடுத்தார். காரை ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் போட்டார். எந்தப் பாகம் எதற்கு, எங்கே தேய்கிறது, எங்கே தளர்கிறது என்று ஆராய்ந்தார். முதலில் அந்தக் காரையே சீர்திருத்தினார். பிறகு, சொந்தமாகவே ஒரு கார் செய்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். காரைப் பிரிப்பது சுலபம். கெடுக்காமல் பிரிப்பதுதான் கஷ்டம். ஸ்பேனரின் வாய் நட்டை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும், நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். அப்புறம் எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்காது! சாதாரண ஸ்பேனர் நட்டை இரண்டு பக்கம் மட்டுமே பிடிக்கும். ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கும். அதனால் இறுகிப் போன நட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான் நல்லது. திருப்புளியின் முனையும் அப்படித்தான். திருகாணியின் பள்ளத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். மட்டமான இரும்பில் செய்த கருவி, அழுத்திப் பிடித்ததும் வளைந்து வாய் விரிந்துவிடும். காசு மிச்சம் என்று அதை வாங்கினால், கருவியும் போகும், நட்டும் போகும், சில நேரம் கை முட்டியின் தோலும் போகும்!

ஸ்பேனரின் நீளத்திலும் கணக்கு இருக்கிறது. பிடி நீண்டால் இறுக்கும் பலமும் கூடும். சின்ன போல்ட்டுக்கு நீளமான ஸ்பேனர் போட்டால் போல்ட்டு முறிந்துவிடும். பெரிய போல்ட்டுக்குக் குட்டை ஸ்பேனர் போட்டால் சரியாக இறுகாது. ஸ்பேனர் செட்டில் சின்ன அளவு குட்டையாகவும் பெரிய அளவு நீளமாகவும் இருப்பது இதனால்தான்.

மான்செஸ்டர் நகருக்கும் ஸ்பேனருக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஓர் இடத்து நட்டு, வேறிடத்துப் போல்ட்டில் ஏறாது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் என்பவர்தான் 1841இல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மரை அளவுகளை வகுத்துக் கொடுத்தார். அதே ஊரில்தான் ராய்ஸின் பட்டறையும் இருந்தது.

சுத்தியல் மேளம்

1904ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. ராய்ஸ் செய்த முதல் கார் பட்டறையை விட்டு வெளியே வந்தது. தொழிலாளர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் சுத்தியலால் தட்டி மேளம் கொட்டினார்கள். சுமார் 15 மைல் தூரத்திலிருந்த வீடு வரைக்கும் ராய்ஸ் அதை ஓட்டிப் போனார். வழியில் எங்கும் நிற்கவில்லை!

சார்லஸ் ரோல்ஸ் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை, லண்டனில் கார் விற்பனை செய்து வந்தார். அதே ஆண்டு மே 4ஆம் தேதி மான்செஸ்டர் ஓட்டல் ஒன்றில் ராய்ஸைச் சந்தித்தார். ஒருவர் மாளிகையில் வளர்ந்தவர், இன்னொருவர் தெருவில் பேப்பர் விற்றவர். காரில் ஏறிச் சுற்றி வந்ததும் ரோல்ஸ் அசந்து போனார். ராய்ஸ் செய்யும் கார்கள் எல்லாவற்றையும் தானே விற்பதாக ஒப்புக்கொண்டார். 'ரோல்ஸ்-ராய்ஸ்' பிறந்தது.

1907இல் அவர்களுடைய 'சில்வர் கோஸ்ட்' கார் ஒரு பெரிய பரீட்சைக்குக் கிளம்பியது. லண்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே இரவு பகலாக ஓட வேண்டும். 629 மைல் ஓடியதும் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் மூடிக்கொண்டு, வண்டி நின்றது. திருகைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு 14,371 மைல், அதாவது 23,000 கிலோமீட்டருக்கும் மேல், பழுது என்று நிற்கவே இல்லை. பரீட்சை முடிந்ததும் காரைப் பிரித்துச் சோதித்தார்கள். தேய்ந்த பாகங்களைப் புதுசாக மாற்ற ஆன செலவு இரண்டு பவுண்டும் கொஞ்சம் சில்லறையும்தான்!

அரைகுறை வேலை ஆகாது

இத்தனை பெருமைக்கும் காரணம் ராய்ஸின் பிடிவாதம். ஏதோ ஓடுகிறது, போதும் என்று யாராவது விட்டுவிட்டால் அவருக்குப் பிடிக்காது. தொழிலாளி அரத்தைத் தவறாகப் பிடித்தால், முதலாளி என்று ஒதுங்கி நிற்காமல், தானே வாங்கிச் செய்து காட்டுவார். வேலையில் மூழ்கிவிட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவார். ஒரு பையன் பால் டம்ளரோடு அவர் பின்னாலேயே அலைவானாம்.

அந்தப் பழக்கம் அவர் உடம்பைக் கெடுத்தது. 1910இல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே ராய்ஸ் கடுமையான நோயில் விழுந்தார். சில மாதங்கள்தான் தாங்குவார் என்று மருத்துவர்கள் கை விரித்துவிட்டார்கள். ஆனால் அவர் அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்! தொழிற்சாலைக்குப் போகக் கூடாது என்று தடை. அதனால் வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு வரைபடத்தையும் சரிபார்த்தார். அவர் உருவாக்கிய 'ஈகிள்' இன்ஜின்கள் பொருத்திய விமானம்தான் 1919இல் அட்லாண்டிக் கடலை முதன்முதலாக எங்கும் இறங்காமல் கடந்தது. 1928இல் கடற்கரையில் நடந்துகொண்டே, மணலில் கோடு போட்டு, ஒரு பந்தய விமான இன்ஜினுக்கு யோசனை சொன்னார். அது வேகத்தில் உலக சாதனை படைத்தது.

1930இல் அரசு அவருக்கு 'சர்' பட்டம் வழங்கியது. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி அவர் காலமானார். அவருடைய அஸ்தி இப்போது, பிறந்த ஊரான ஆல்வால்டன் தேவாலயத்தில் இருக்கிறது.

இவ்வளவு புகழ் வந்த பிறகும், நீங்கள் யார் என்று கேட்டால் ராய்ஸ் சொன்ன பதில் என்ன தெரியுமா? பட்டத்தைச் சொல்லவில்லை, முதலாளி என்றும் சொல்லவில்லை. மெக்கானிக் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

அடுத்த முறை மெக்கானிக் கடைப் பக்கம் போனால், டூல்ஸ் பாக்ஸைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள் குட்டீஸ். எண்ணெய்க் கறை துடைத்து, அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறாரா? அப்படியென்றால் அங்கே வண்டியை நம்பி விடலாம்!