லண்டன் வினாத்தாளும் வவுனியாவின் கணிதப் பேராசிரியரும்

ஓமந்தை என்றதும் எங்களில் பலருக்கு நினைவில் வருவது சோதனைச் சாவடிதான். 2009இல் அதைக் கடந்து வந்த பலரிடம் பிறப்புச் சான்றிதழும் இருக்கவில்லை, பரீட்சைச் சான்றிதழும் இருக்கவில்லை. அதனால் பட்டம், தகைமை என்ற பேச்சு இங்கே எழுந்தால் யாருக்காவது மனம் கனத்துவிடும். இந்த ஓமந்தையை உள்ளடக்கிய வவுனியாத் தொகுதியை ஒருகாலத்தில் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்தியவர் ஒரு கணிதப் பேராசிரியர். அடங்காத் தமிழன் என்று மூத்தவர்கள் சொல்லும் செல்லப்பா சுந்தரலிங்கம்தான் அவர். அவருடைய அரசியல் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கணிதம் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1895இல் உரும்பிராயில் பிறந்தவர். யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரியிலும் கொழும்பு சென் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்தில் இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இல்லை. பட்டம் வேண்டுமென்றால் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைதான் வழி: முதலில் மெற்றிக்குலேசன், பிறகு இன்டர்மீடியற், கடைசியில் இறுதிப் பரீட்சை. வினாத்தாள் அங்கிருந்து கப்பலில் வரும். விடைத்தாள் இங்கிருந்து கப்பலில் போகும். யார் கற்பித்தார், எங்கே படித்தாய் என்று லண்டன் கேட்பதில்லை. விடை சரியா என்பதை மட்டும் பார்க்கும். காலனித்துவ ஏற்பாடுதான். ஆனாலும் தூரத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் விஞ்ஞானமாணிப் பட்டத்தோடு அவர் ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரிக்குப் போனார். அங்கே கணிதத்தில் பட்டம் பெற இரண்டு கட்டப் பரீட்சைகள் உண்டு. இரண்டிலும் முதல் வகுப்பு எடுப்பவரை டபுள் ஃபர்ஸ்ட் என்பார்கள். சுந்தரலிங்கம் அதை எடுத்தார். ஒக்ஸ்போர்ட்டில் முதுமாணிப் பட்டத்துக்கு மேலதிகப் பரீட்சையே இல்லை என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். இளமாணி முடித்தவர் சில ஆண்டுகள் பொறுத்திருந்து, கட்டணம் செலுத்தினால் போதும். ஆய்வு செய்து பெறும் கலாநிதிப் பட்டத்தை ஒக்ஸ்போர்ட் ஏற்படுத்தியதே 1917இல்தான். ஆக, அந்தத் தலைமுறையில் ஒரு கணிதப் பேராசிரியருக்குக் கலாநிதிப் பட்டம் கட்டாயமாக இருக்கவில்லை. சுந்தரலிங்கம் கடைசிவரை பேராசிரியர் என்றே அழைக்கப்பட்டார்.

நாடு திரும்பி சிவில் சேவையில் சேர்ந்தார், அதை விட்டு ஆனந்தாக் கல்லூரியின் உப அதிபரானார். 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பின்னர் கணிதப் பேராசிரியரானார். அந்தக் கல்லூரிக்கும் சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. மாணவர்கள் லண்டன் பரீட்சைக்கே தயாரானார்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான 1942 வரை அதுதான் நிலை. சுந்தரலிங்கத்தின் காலத்தில் அங்கே படித்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜ் சென்று, நோபல் பரிசு பெற்ற டிராக்கிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராகவும் வந்தார்.

இனி, தமிழர்களுக்குக் கசக்கும் ஒரு கணக்கு. 1936இல் அரசாங்க சபையில் 58 உறுப்பினர்கள். அவர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்யும் தலைவர் மந்திரியாவார். குழுவுக்குச் சுமார் எட்டுப் பேர் என்றால் ஐந்து வாக்குகள் போதும். பெரும்பான்மை இனத்தவரை எல்லாக் குழுக்களிலும் அளந்து பரப்பிவிட்டால் ஏழு மந்திரிகளும் அவர்களே. அந்த ஆண்டு அப்படித்தான் தனிச் சிங்கள மந்திரிசபை அமைந்தது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் சேனநாயக்காவின் நண்பரான சுந்தரலிங்கம் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1940இல் பேராசிரியர் பதவியை விட்டார். 1947இல் வவுனியாவில் வென்று வர்த்தக அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமைச் சட்டமூல விவகாரத்தில் 1948 டிசம்பரில் அமைச்சரவையிலிருந்து விலகினார். 1952இலும் 1956இலும் மீண்டும் வென்றார். தமிழருக்குத் தனிநாடு என்று முதலில் பேசியவர்களில் ஒருவராகவும் ஆனார்.

1968ஐச் சொல்லாமல் விட்டால் இது முழுமையான வாழ்க்கைக் குறிப்பாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் நுழைவதைத் தடுக்க, எழுபதை நெருங்கிய... இல்லை, எழுபதைத் தாண்டிய வயதில் அவர் கோவில் வாசலில் நின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டார். லண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை மேன்முறையீடு செய்தார். அங்கும் தோற்றார். எங்கே பிறந்தாய் என்று கேட்காத ஒரு பரீட்சையால் மேலே வந்தவர் இவர். பிறப்பைக் கேட்கும் வாசலுக்கு அவரே காவல் நின்றதை என்னால் எந்த விதத்திலும் சமன்செய்ய முடியவில்லை.

1985இல் காலமானார். வவுனியாவில் அப்போது பல்கலைக்கழகம் கிடையாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது 2021இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. இன்று பம்பைமடுவிலேயே பிரயோக கணிதமும் கணினியும் படிக்கலாம். நான்காண்டு சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். நாட்டின் தகைமைச் சட்டகத்தின்படி அதற்கு மேலே முதுதத்துவமாணிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளும், கலாநிதிக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் முழுநேர ஆய்வு செய்யவேண்டும். போரில் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பெறுபேற்றை உறுதிப்படுத்தி வாங்கிக்கொள்ளலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் நினைவிலிருந்தால் வேலை சுலபம்.