பிழையின் வேரைத் தேடியவர்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு நாள் அலாரக் கடிகாரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள். அதை மீண்டும் பூட்ட அவளுக்குத் தெரியவில்லை. வழியறிய அடுத்த கடிகாரத்தைக் கழற்றினாள். இப்படியே ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்தன. அதைக் கண்ட தாயார் அவளது ஆர்வத்தை அடக்கிவிடவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்து ஆராயும்படி சொன்னார். அச்சிறுமிதான் பின்னாளில் கணினி உலகில் புகழ்பெற்ற கிரேஸ் ஹாப்பர்.

கிரேஸ் 1906 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் பிறந்தார். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்ற அவர், 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாம் பயின்ற கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். உடல் எடை போதாமை தடையாக இருந்தது. ஆயினும், அவர் மனந்தளராமல் சிறப்பு அனுமதி பெற்று 1943 இல் சேர்ந்தார். மறு ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் மாபெரும் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது.

1947 செப்டம்பர் 9 ஆம் நாள், அவரது குழு பணியாற்றிய மார்க் 2 கணிப்பொறியில் கோளாறு ஏற்பட்டது. அதில் ஆயிரக்கணக்கான மின்விசைகள் இருந்தன. எது பழுதாகியிருக்கும் என்று ஊகித்துக்கொண்டிராமல் பணியாளர்கள் தேடிச் சென்றனர். முடிவில், 70 ஆம் எண் மின்விசைக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டனர். அதை எடுத்துப் பணிக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தனர். கருவிக் கோளாற்றைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் முன்பே இருந்ததால், உண்மைப் பூச்சியே அகப்பட்டது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அதைக் கண்டெடுத்தவர் கிரேஸ் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கண்டெடுத்தவர்கள் அவருடைய சக பணியாளர்களே. அந்நிகழ்ச்சியைச் சுவைபட எடுத்துரைத்துப் பரப்பியவர்தான் கிரேஸ்.

பிழை இருக்கும் இடத்தை அறிவதோடு கிரேஸ் நிறைவடையவில்லை. அது பிறக்கும் இடத்தையும் தேடினார். அக்காலத்தில் நிரலர்கள் முன்பு எழுதிய கட்டளைத் தொகுதிகளைக் கையால் பார்த்தெழுதினர். அப்போது எழுத்துகள் மாறின. எண்களைக் கூட்டுவதிலும் தவறுகள் நேர்ந்தன. மனிதர் சலிப்போடு செய்யும் அந்த வேலையைக் கணினியிடமே விட்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். அதன் பயனாக, 1952 இல் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கினார். ஆங்கிலச் சொற்களால் கணினிக்குக் கட்டளையிட முடியும் என்று அவர் கூறியபோது பலர் நம்பவில்லை. எனினும், அவர் ஃபுளோமேட்டிக் மொழியை உருவாக்கி அதை மெய்ப்பித்தார். பின்னர் வந்த கோபால் என்னும் கணினி மொழிக்கு அது அடித்தளமாக அமைந்தது.

1986 இல், தம் 79 ஆம் வயதில், கிரேஸ் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 ஆம் நாள் இயற்கை எய்தினார். பூச்சி ஒட்டிய அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இன்று பைத்தான் போன்ற மொழிகளில் எழுதிய நிரல் பாதியில் நின்றால், பிழை எழுந்த வரியைக் கணினியே காட்டுகிறது. ஆனால், ஒரு பெயர் எவ்வகைப் பொருளைக் குறிக்கிறது என்பது இம்மொழிகளில் நிரல் இயங்கும்போதுதான் முடிவாகிறது. ஆகவே, ஒரே வரியில் பல பொருள்கள் இருந்தால், எது பிழைக்குக் காரணம் என்பதைச் சில வேளைகளில் நிரலர் ஒவ்வொன்றாகச் சோதித்து அறிய வேண்டியிருக்கும். அன்று மின்விசைகளிடையே நடந்த தேடல், இன்று நிரல் வரிகளிடையே தொடர்கிறது. ஊகத்தை நம்பாமல் பிழையின் இடத்தைக் கண்டறிந்து, அதன் வேரையும் களைய வேண்டும் என்பதே கிரேஸின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.