அருளை உரைத்த அகுஸ்தினார்

மனிதன் உயர்வது தன் முயற்சியாலா, இறைவன் அருளாலா என்னும் வினா மாந்தர் உள்ளத்தை நெடுங்காலமாக அலைத்து வருவதாகும். ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவரைப் பயிலும் நமக்கு இவ்வினா புதியதன்று. கிறித்தவ உலகில் தம் வாழ்வையே சான்றாக வைத்து இதனை ஆராய்ந்தவர், அருளின் மறைவல்லுநர் எனப் போற்றப்பெறும் புனித அகுஸ்தினார் ஆவார்.

கி.பி. 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், உரோமைப் பேரரசின் வட ஆப்பிரிக்கப் பகுதியில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று அல்ஜீரியாவில் உள்ளது. தாய் மோனிக்கா ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். பதினாறாம் அகவையில் அகுஸ்தினார் தோழருடன் சேர்ந்து இரவில் பேரிக்காய்களைத் திருடினார். பசியால் திருடவில்லை, அவற்றினும் நல்ல கனிகள் அவரிடமே இருந்தன. பறித்தவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். பயனேதும் கருதாது தீமையைத் தீமைக்காகவே விரும்பிய அச்செயலைப் பின்னாளில் அவர் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தார்.

கார்த்தேசு நகரில் சொற்கலை பயின்றபோது மானிக்கேயர் நெறியில் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார். மனிதன் தவறு செய்கையில் அவனுள் கலந்துள்ள இருளின் கூறே அதனைச் செய்கிறது என்பது அந்நெறியினர் கொள்கை. குற்றத்தைத் தம்மிடமிருந்து தள்ளிவைக்க அஃது அவருக்கு வாய்ப்பாக அமைந்தது.

அக்காலந்தொட்டு ஒரு பெண்ணோடு மணமின்றிப் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அதெயோதாத்துஸ் என்னும் மகனும் பிறந்தான். 384இல் மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராக அமர்ந்தபின், தகுதிக்கேற்ற திருமணம் ஒன்று பேசப்பட்டது. அதன்பொருட்டு அப்பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பியனுப்பப்பட்டாள். இனி வேறோர் ஆடவனை நாடுவதில்லை எனச் சூளுரைத்து, மகனைத் தந்தையிடம் விட்டுச் சென்றாள். அவரோ திருமண நாள்வரை காத்திருக்க இயலாமல் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இதனை மறைக்காது எழுதியவர் அவள் பெயரை எங்கும் எழுதவில்லை. கல்வியும் நாவன்மையும் அவரிடம் இருந்தன; மனவுறுதியோ அவளிடம் இருந்தது. நல்லது எதுவென அறிந்தும் அதனை நாட இயலாத இப்பிளவுண்ட விருப்பமே அவரது இறையியலின் வேர் எனலாம்.

மிலான் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் அவரை ஈர்த்தன. 386இல் ஒரு தோட்டத்தில் மனம் வெதும்பி அழுதிருந்தபோது, எடுத்துப் படிக்குமாறு குழந்தைக் குரலொன்று பாடக் கேட்டுப் பவுலடியாரின் திருமுகத்தைத் திறந்தார். வாசித்த அளவில் ஐயம் அகன்றது. 387இல் மகனுடன் திருமுழுக்குப் பெற்றார். அவ்வாண்டே மோனிக்கா ஓஸ்தியா துறைமுகத்தில் காலமானார். ஆப்பிரிக்கா திரும்பிய அகுஸ்தினார் 391இல் இப்போ நகரில் குருவாகவும், சில ஆண்டுகளில் ஆயராகவும் ஆனார்.

மானிக்கேயரை மறுக்க அவர் எழுதிய நூலொன்று மனிதனின் தன்னுரிமையை வலியுறுத்துவது. ஆயரானபின் சிம்பிளிசியானுக்கு விடையெழுதுகையில் அந்நிலை மாறியது. நம்பிக்கையின் தொடக்கமே இறைவனின் கொடை என்றும், மனிதனின் பேறுபலன் எதுவும் அதற்கு முற்பட்டதன்று என்றும் அவர் தெளிந்தார்.

பிரித்தானியரான பெலாகியுஸ் என்னும் துறவுநெறியாளர் உரோமையில் ஒழுக்கத் தூய்மையை வலியுறுத்தி வந்தார். கட்டளையிட்ட இறைவனே அதனை நிறைவேற்றும் ஆற்றலையும் தருமாறு அகுஸ்தினார் தம் தன்வரலாற்றில் வேண்டியிருந்தார். இவ்வேண்டல் சோம்பலுக்கு இடங்கொடுக்கும் எனப் பெலாகியுஸ் சினந்தார். இறைவன் நீதியுள்ளவர் எனில், மனிதனால் இயலாததைக் கட்டளையிடுவாரோ என்பது அவர் வாதம். தம் கருத்துக்கு அரணாக அகுஸ்தினாரின் பழைய நூலையே அவர் எடுத்துக்காட்டினார். 415இல் பாலத்தீனத்தில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியுஸைக் குற்றமற்றவர் என்றது. 418இல் கார்த்தேசில் கூடிய சங்கம் அவர் கொள்கையைக் கண்டித்தது.

எனினும் பூசல் ஓயவில்லை. திருமுழுக்குப் பெறாது இறக்கும் குழந்தைகளும் தண்டனைக்குரியர் என்ற அகுஸ்தினாரின் முடிவு இறைவனைக் கொடியவராக்குகிறது என எக்லானும் ஆயர் யூலியான் சாடினார். இவ்வெதிர்ப்பில் நீதியுணர்வு இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. தம் பட்டறிவால் கண்ட உண்மையை மாந்தர் அனைவர்க்கும் விதியாக்கியபோது அகுஸ்தினாரின் கருத்தில் கடுமை புகுந்தது என்பதே என் கருத்து.

அவர் முதுமையில், இன்றைய தூனிசியாவில் உள்ள அத்ருமேத்து மடத்துத் துறவியருக்கு ஓர் ஐயம் எழுந்தது. யாவும் அருளே எனில், தவறுவோரைத் தலைவர் கண்டிப்பது எதற்கு? எங்களுக்காக வேண்டினால் போதாதோ? கண்டிப்பும் அருள் பயன்படுத்தும் கருவியாகலாம் என்றும், தெரிந்துகொள்ளப்பட்டோர் இன்னார் என எவரும் அறியார் ஆதலின் ஒருவரையும் கைவிடலாகாது என்றும் அவர் விடையளித்தார். அக்கடுமைக்குள் கனிவு வெளிப்படும் இடம் இதுவே.

529இல் ஒராஞ்சுச் சங்கம் அருளே முற்படுவது என ஏற்றது. தீமைக்கென இறைவன் எவரையும் முன்குறிக்கிறார் என்பதை மறுத்தது. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டில் லூத்தருக்கும் எராசுமுவுக்கும் இடையிலும், 1618-19இல் தோர்த்துச் சங்கத்தில் கல்வினியர்க்கும் அர்மீனியர்க்கும் இடையிலும் அவ்வினாவே மீண்டும் எழுந்தது.

430இல் வாண்டலர் படை இப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அகுஸ்தினார் நோயுற்றார். யூலியானுக்கு எழுதிய மறுப்புநூல் முற்றுப்பெறவில்லை. தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, படுத்தவாறே அவற்றைப் படித்துக் கண்ணீர் வடித்தார். மருத்துவர் வரும்போதும் உணவு வரும்போதும் அன்றி எவரும் உள்ளே வரலாகாது எனப் பணித்து, ஏறத்தாழப் பத்து நாள்கள் தனிமையில் மன்றாடினார். ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் நீத்தார். ஏறத்தாழ நாற்பதாண்டுத் திருப்பணியைத் தம் பேறாக அவர் எண்ணவில்லை. அருளே யாவும் என்றவர், தம் பங்குக்குரிய மன்றாட்டை இறுதிவரை நிறுத்தவுமில்லை. வாதங்களில் தீராத வினாவுக்கு அவ்வறையின் தனிமை ஒருவாறு விடை கூறுகிறது.