தோல் தொழிலாளியிடம் பாடம் கேட்ட டாக்டர்

பிரெஞ்சு தேசத்தின் தலைநகரம் பாரீஸ். அங்கே சால்பெத்ரியேர் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசலில் 1885-ம் ஆண்டு ஒரு சிலை வைத்தார்கள். சிலையாக நிற்பவர் டாக்டர் பிலிப் பினெல். மனநோயாளிகளின் கைவிலங்கையும் கால்விலங்கையும் அகற்றிய மகான் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் விலங்குகளைக் கழற்றச் சொல்லும் காட்சியைப் பெரிய ஓவியர்கள் படமாகத் தீட்டினார்கள்.

ஆனால், அந்த விலங்குகளை முதலில் கழற்றியது பினெலின் கை அல்ல. அது ஒரு தோல் பதனிடும் தொழிலாளியின் கை! இந்த உண்மையை மறைக்காமல் எழுதி வைத்தவரே பினெல்தான்.

படித்த டாக்டர் ஒருவர் படிக்காத தொழிலாளியிடம் பாடம் கேட்டார். அந்தப் பாடத்திலிருந்து ஒரு புதிய வைத்தியமே பிறந்தது. அந்தக் கதை இது.

ஏழை வைத்தியரின் மகன்

பினெல் 1745-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி பிறந்தார். தெற்குப் பிரான்சில் ஒரு கிராமம் அவருடைய ஊர். தகப்பனார் கிராமத்து ரண வைத்தியர். அந்தக் காலத்தில் முடி திருத்துவதும் ரண வைத்தியமும் ஒரே தொழில். வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர். பினெல் மூத்தவர். சிறு வயதிலேயே தாயாரை இழந்தார்.

முதலில் பாதிரியார் ஆவதற்குப் படித்தார். அதில் மனம் செல்லவில்லை. வைத்தியம் படிக்கத் தொடங்கினார். 1773-ல் தூலூஸ் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். மேலும் நாலு வருஷம் மான்பெலியே நகரில் படித்தார். 1778-ல் பாரீசுக்கு வந்தார்.

வந்த இடத்தில் ஏமாற்றம் காத்திருந்தது. வெளியூர்ப் பட்டம் பெற்றவர்கள் பாரீசில் வைத்தியம் செய்யக் கூடாது என்பது அக்காலச் சட்டம். ஏழை மாணவர்களுக்காக ஒரு பரிசுப் போட்டி இருந்தது. அதில் வென்றால் அனுமதி கிடைக்கும். பினெல் இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் தோல்வி! சபையில் நின்று சரளமாகப் பேச அவருக்கு வராது.

கையில் பட்டம் இருந்தது, தொழில் இல்லை. கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், வைத்திய நூல்களை மொழிபெயர்த்தும், ஒரு சுகாதாரப் பத்திரிகையை நடத்தியும் வயிற்றைக் கழுவினார். இப்படியே பதினைந்து ஆண்டுகள் ஓடின.

நண்பனின் முடிவு

அந்த நாட்களில் பினெலின் மனதை உலுக்கிய சம்பவம் ஒன்று நடந்தது. அவருடைய இளம் நண்பன் ஒருவனுக்குச் சித்தம் கலங்கியது. யாராலும் அவனைக் குணப்படுத்த முடியவில்லை. பரிதாபமான முறையில் அவன் உயிர் போயிற்று.

உடம்புக்கு நோய் வந்தால் மருந்து இருக்கிறது. மனதுக்கு நோய் வந்தால் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி பினெலை விடவில்லை. பாரீசில் தனியார் நடத்திய ஒரு மனநோய் விடுதியில் சுமார் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். நோயாளிகளைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார்.

அந்தக் காலத்து வைத்தியம் கொடுமையானது. நோயாளியின் ரத்தத்தைக் கத்தியால் கீறி வெளியேற்றுவார்கள். பேதிக்குக் கொடுப்பார்கள். குளிர்ந்த நீரில் முக்குவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அடி, உதை, விலங்கு. நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது வைத்தியம் என்று யாரும் நினைக்கவில்லை.

பிசேத்ர் ஆஸ்பத்திரி

1789-ல் பிரான்சில் புரட்சி வெடித்தது. 1793 ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. அதைக் கண்ணால் கண்டவர்களில் பினெலும் ஒருவர். புரட்சி பழைய சட்டங்களைத் துடைத்தெறிந்தது. பினெலுக்கு வழி பிறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிசேத்ர் ஆஸ்பத்திரியின் டாக்டராக அவர் பொறுப்பு ஏற்றார். அப்போது அவருக்கு வயது 48.

பெயர்தான் ஆஸ்பத்திரி. உள்ளே சுமார் நாலாயிரம் ஆண்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். குற்றவாளிகள் ஒரு பக்கம். திக்கற்ற கிழவர்கள் ஒரு பக்கம். மேக நோய்க்காரர்கள் ஒரு பக்கம். இவர்களுக்கு நடுவே மனநோயாளிகள் சுமார் இருநூறு பேர். குணமாகாதவர்கள் என்று ஊரும் உறவும் கைவிட்டவர்கள் அவர்கள்.

அந்த நோயாளிகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ழான் பாப்டிஸ்ட் புசான்.

புசான் யார்?

புசான் தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் கண்டமாலை நோய் அவருக்கு வந்தது. சிகிச்சைக்காகவே பிசேத்ருக்கு வந்தார். குணமடைந்த பிறகு அங்கேயே வேலைக்கு அமர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, மனநோயாளிகளின் பகுதிக்கே பொறுப்பாளர் ஆனார். அவருடைய மனைவியும் கூடவே வேலை செய்தார்.

புசான் வைத்திய நூல் எதையும் படித்தவர் அல்ல. ஆனால் நோயாளிகளோடு வாழ்ந்தவர். யார் எப்போது கோபப்படுவான், யாருக்கு எந்தப் பேச்சு பிடிக்கும், எவன் சிரித்தால் குணமாகிறான் என்று பொருள், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவர் ஒரு கட்டளை போட்டிருந்தார். எந்தக் காவலாளியும் நோயாளியை அடிக்கக் கூடாது. மீறி அடித்தவர்களை வேலையை விட்டே அனுப்பினார். அவர்களுக்குப் பதில், குணமடைந்த நோயாளிகளையே காவலாளிகளாக வைத்துக்கொண்டார். வலி அறிந்தவர்களுக்கு அடிக்கக் கை வராது அல்லவா?

சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் நோயாளியை, வேடிக்கை காட்டிச் சிரிக்க வைத்துச் சாப்பிட வைக்கும் வித்தை புசானின் மனைவிக்குத் தெரியும்.

பினெல் இதையெல்லாம் கண்டார். வேறொரு டாக்டராக இருந்தால், இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று அலட்சியம் செய்திருப்பார். பினெல் அப்படிச் செய்யவில்லை. பெரிய படிப்புப் படித்த அவர், புசானிடம் மாணவர் ஆனார். அவர் சொன்னதைக் கேட்டார், செய்ததைக் கவனித்தார். ஒவ்வொரு நோயாளியிடமும் தாமே போனார். சிலரை ஒரே நாளில் பல தடவை பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். நோய் எப்படித் தொடங்கியது, எப்போது கூடுகிறது, எப்போது தணிகிறது என்று குறிப்பு எழுதினார்.

எழுத எழுத அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மனநோயாளியின் அறிவு முழுவதும் அழிந்துபோவதில்லை. ஒரு மூலையில் அது விழித்திருக்கிறது. அன்பாகவும் உறுதியாகவும் பேசினால் அந்த அறிவைத் தட்டி எழுப்பலாம். 1794 டிசம்பரில், அறிஞர் சபை ஒன்றில் இதை அவர் கட்டுரையாகப் படித்தார்.

தையல்காரரின் பயம்

பினெல் தம் நூலில் ஒரு தையல்காரரின் கதையை எழுதியிருக்கிறார். மன்னரைக் கொன்றது பற்றி அந்தத் தையல்காரர் ஏதோ பேசிவிட்டார். அக்கம்பக்கத்தார் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். தம்மையும் கில்லட்டின் இயந்திரத்தில் வைத்துத் தலையை வெட்டப் போகிறார்கள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. உறக்கம் போயிற்று. உணவு போயிற்று. தொழிலும் போயிற்று. கடைசியில் பிசேத்ருக்கு வந்து சேர்ந்தார்.

பினெல் அவருக்கு ஊசியும் நூலும் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களின் துணிகளைத் தைக்கச் சொன்னார். அதற்குச் சிறு கூலியும் ஏற்பாடு செய்தார். கை வேலையில் மூழ்க மூழ்க, மனம் தெளிந்தது. தம் ஆறு வயதுக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்கும் அளவுக்குத் தேறினார்.

ஆனால் பிற்பாடு பழைய பயம் திரும்பி வந்தது. பினெல் ஒரு யுக்தி செய்தார். மூன்று டாக்டர்கள் கறுப்பு உடை அணிந்து, அரசாங்கத்தின் விசாரணை அதிகாரிகள் போல வந்தார்கள். தையல்காரரை நிறுத்தி விசாரித்தார்கள். அவர் குற்றமற்றவர், உண்மையான தேசபக்தர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தையல்காரரின் பயம் பறந்தது!

எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த விசாரணை வெறும் நாடகம் என்று யாரோ அவரிடம் உளறிவிட்டார்கள். அவ்வளவுதான். நோய் முன்னைவிட மோசமாகப் பற்றிக்கொண்டது. பிறகு அவர் தேறவே இல்லை.

பினெல் இந்தத் தோல்வியை மறைக்கவில்லை. வெற்றியை எழுதிய அதே கையால் இதையும் எழுதினார். பின்னால் வரும் வைத்தியர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு எது? வேலை கொடுத்ததும், பேசியதும் தையல்காரரைத் தேற்றின. பொய் நாடகம் ஒரு சொல்லில் உடைந்துபோயிற்று.

விலங்கு கழன்றது

1795-ல் பினெலுக்குப் பெரிய பதவி கிடைத்தது. பெண்களுக்கான சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராகப் போனார். மருத்துவப் பள்ளியில் பேராசிரியரும் ஆனார். ஒரு காலத்தில் அவருக்கு அனுமதி மறுத்த அதே பாரீஸ் நகரம் அவரிடம் பாடம் கேட்டது.

அவர் போனபின், 1797-ல், பிசேத்ரில் புசான் துணிந்து ஒரு காரியம் செய்தார். நோயாளிகளின் இரும்பு விலங்குகளை அகற்றினார். மிகவும் மூர்க்கமானவர்களுக்கு மட்டும் கைகளை அசைக்க முடியாத தடித்த துணிச்சட்டையை மாட்டினார். அதுவும் கட்டுத்தான். ஆனாலும் சதையைத் தின்னும் இரும்பு போயிற்று.

பினெலுக்கு புசான் இல்லாமல் கை ஒடிந்தது போல இருந்தது. அவரைத் தம்மிடம் அனுப்பும்படி அதிகாரிகளிடம் மன்றாடினார். 1802-ல்தான் அது நடந்தது. இருவரும் மறுபடி சேர்ந்து வேலை செய்தார்கள். 1811-ல் புசான் காலமானார்.

1801-ல் வெளிவந்தது மனநோய் பற்றிய பினெலின் புகழ்பெற்ற நூல். பல மொழிகளில் அதைப் பெயர்த்தார்கள். 1809-ல் திருத்திய பதிப்பு வந்தது. பிசேத்ரில் விலங்கை நீக்கியவர் புசான் என்று பினெல் சொல்லியிருக்கிறார். இருந்தும், பினெலின் மகனும் மாணவர்களும் அந்தப் பெருமையைப் பினெலுக்கே சூட்டினார்கள். ஓவியர்கள் அதையே வரைந்தார்கள். புசானின் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டி அதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பாடம் பரவியது

பினெலின் மாணவர்களில் தலைசிறந்தவர் எஸ்கிரோல். புசான் காலமான பின் சால்பெத்ரியேரில் பொறுப்பு ஏற்றவர் அவரே. 1817-ல் அந்த ஆஸ்பத்திரியிலேயே மனநோய் வைத்தியத்துக்கு அவர் வகுப்பு நடத்தத் தொடங்கினார். பிரான்சில் இந்த வைத்தியத்துக்கென்று முறையாக நடந்த முதல் வகுப்பு அது என்பார்கள். படிப்பு முடித்த இளம் டாக்டர்கள் வந்து கேட்டார்கள். அவர்களில் பலர் நாட்டின் பல பகுதிகளில் மனநோய் ஆஸ்பத்திரிகளை நடத்தினார்கள். 1838-ல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாவட்டமும் மனநோயாளிகளின் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதற்காக உழைத்தவர்களில் எஸ்கிரோல் முக்கியமானவர்.

பினெலின் கடைசிக் காலம் சோதனையானது. 1822-ல் அரசியல் சந்தேகத்தால் வேறு பத்துப் பேராசிரியர்களோடு அவரையும் பதவியிலிருந்து நீக்கினார்கள். நோயாளிகளை மட்டும் அவர் விட்டுப் போகவில்லை. 1826 அக்டோபர் 25-ந் தேதி பாரீசில் காலமானார். அப்போது அவருக்கு வயது 81.

இன்றும் அதே பாடம்

பினெல் காலமாகி நூறாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 1960-களில், அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற டாக்டர் ஒரு பேச்சுச் சிகிச்சையை உருவாக்கினார். எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் சிகிச்சை அது. நான் எதற்கும் லாயக்கில்லை என்று ஒருவர் நம்பிக் குமைகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் அவரோடு வாதாடுவதில்லை, நாடகமும் ஆடுவதில்லை. அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிரான சாட்சி என்ன என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். சின்னச் சின்னக் காரியங்களைச் செய்து பார்க்கும்படி நோயாளியிடம் சொல்கிறார்கள். உண்மையை அவரே கண்டுகொள்கிறார். அவரே கண்ட உண்மையை, யாரோ உளறிய ஒரு சொல் உடைத்துவிட முடியாது.

இந்த வைத்தியத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்துக் கற்க முடியாது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் கூட மறுபடி மாணவர்களாக உட்காருகிறார்கள். நோயாளியின் சம்மதத்தோடு, தாங்கள் பேசியதைப் பதிவு செய்கிறார்கள். மூத்தவர் கேட்டு, எங்கே அவசரப்பட்டாய், எங்கே காது கொடுக்கத் தவறினாய் என்று திருத்துகிறார். இங்கிலாந்தில் 2008 முதல் அரசாங்கமே செலவு செய்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்தது.

பட்டம் பெறுவதோடு படிப்பு முடிவதில்லை. மனதைக் குணப்படுத்த வருகிறவர், முதலில் நோயாளியின் பக்கத்தில் உட்காரப் பழக வேண்டும். தெரிந்தவர் யாராக இருந்தாலும், அவர் கையில் பட்டம் இருந்தாலும் தோல் இருந்தாலும், அவரிடம் கேட்டுக்கொள்ளத் தயங்கக் கூடாது. பிலிப் பினெல் நாற்பத்தெட்டு வயதில் அப்படிக் கற்றுக்கொண்டார். அதனால்தான் ஆயிரம் ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுக்க அவரால் முடிந்தது.