அடா லவ்லேஸ்

அடா லவ்லேஸ் (டிசம்பர் 10, 1815 - நவம்பர் 27, 1852) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். கவிஞர் பைரன் பிரபுவின் மகள். சார்லஸ் பாபேஜின் பகுப்புப் பொறிக்காக இவர் வெளியிட்ட செயல்முறை, முதல் கணினி நிரல் எனப் பலராலும் கருதப்படுகிறது. அதில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கல்வி

மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின்னர், 1840 இல் அகஸ்டஸ் டி மார்கனிடம் கடிதம் வழியாக உயர்கணிதம் பயிலத் தொடங்கினார். டி மார்கன் 1806 இல் மதுரையில் பிறந்தவர். நிரலாக்க மாணவர் அறிந்த டி மார்கன் விதிகள் இவருடையவையே. அடாவுக்கு இயற்கணிதப் பிரதியீடுகளே தடுமாற்றம் தந்தன. சார்புச் சமன்பாடுகள் எளிதில் பிடிபடவில்லை. புரியாத இடங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டுத் தெளிந்தார்.

பெர்னூலி எண்கள்

பகுப்புப் பொறி பற்றி மெனப்ரேயா 1842 இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஏழு குறிப்புகளுடன் 1843 இல் வெளியிட்டார். குறிப்புகள் மூலக் கட்டுரையை விட நீளமானவை. கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் சிறியவை. இறுதிக் குறிப்பிலோ பெர்னூலி எண்களைக் கணிக்கும் பெரிய வேலையை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் எண்ணும் முந்தையவற்றைச் சார்ந்தது என்பதால் அவ்வாண்டு சூலையில் இக்கணக்கில் சிக்கித் திணறினார். முடிவில் அதனை 25 செயல்களாகப் பிரித்து, ஒவ்வொரு செயலிலும் எந்த மாறி பயன்படுகிறது, எதன் மதிப்பு மாறுகிறது என்பதை அட்டவணையாக்கினார். இக்கணக்கில் 13 முதல் 23 வரையான செயல்கள் திரும்பச் செய்யப்படுகின்றன.

அச்சான அட்டவணையின் நான்காம் செயலில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியுள்ளன. இது அச்சுப் பிழையாகவும் இருக்கலாம். பொறி கட்டி முடிக்கப்படாததால், நிரலை இயக்கிப் பிழை திருத்தும் வாய்ப்பு அடாவுக்குக் கிட்டவில்லை. தமது 36 ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார்.