நந்தவனம் கண்ட தொண்டரடிப்பொடியாழ்வார்

பூவும் சுண்ணமும் நறும்புகைப் பொருள்களும் விற்போர் பூம்புகாரின் வீதிகளில் நிறைந்திருந்தனர் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. காவிரி கடலொடு கலக்கும் அந்நகருக்கு அண்மையில், திருக்குறையலூரில் அவதரித்தவர் திருமங்கையாழ்வார். அவர் திருவரங்கத்தில் எழுப்பிய திருமதிலையே விலகச் செய்தது ஒரு மலர்த்தோட்டம். அத்தோட்டத்தைத் தம் கையால் வளர்த்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார்.

பாபநாசத்தை அடுத்த திருமண்டங்குடியில், மார்கழித் திங்கள் கேட்டை நன்னாளில், வனமாலையின் அம்சமாக அவதரித்தார் இவர். பெற்றோர் இட்ட திருநாமம் விப்ரநாராயணர். கற்பன கற்றுத் திருவரங்கம் சென்று அரங்கனைச் சேவித்தவர், பெரியாழ்வாரைப் போலத் திருமாலைக் கைங்கர்யமே தமக்குரியது எனத் துணிந்தார். குடிலைச் சூழ நந்தவனம் அமைத்தார்.

நந்தவனப் பணி எளிதன்று. முல்லையும் மல்லிகையும் மாலையில் மலர்வன. அரும்பாக இருக்கும்போதே கொய்தல் வேண்டும். பவழமல்லியோ இரவில் மலர்ந்து வைகறையில் உதிர்வது. நந்தியாவட்டை ஆண்டு முழுதும் பூக்கும். துளசிக்கு இடையறாத கவனம் வேண்டும். நீர் இறைத்தல், களை பறித்தல், பூக்கொய்தல், தொடுத்தல் என ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுது உண்டு. தொண்டன் சோர்ந்தால் செடியும் சோரும்.

அவரும் ஒரு காலம் சோர்ந்தார். திருக்கரம்பனூர்த் தேவதேவி என்னும் கணிகை, அடியவள்போல் வந்து செடிகளுக்கு நீர் வார்த்து நின்றாள். மழையில் நனைந்த அவளுக்கு இரங்கிக் குடிலில் இடமளித்தவர், அவள்பால் மனம் பறிகொடுத்தார். கைப்பொருள் தீர்ந்ததும் அவள் வாயிலில் நிற்க நேர்ந்தது. அடியவரைக் கைவிடாத அரங்கன், அவருடைய ஏவலாள் வடிவில் சென்று தன் பொன்வட்டிலைத் தேவதேவிக்கு அளித்தான். வட்டிலைக் காணாது தேடியோர் விப்ரநாராயணரைச் சிறைப்படுத்தினர். பெருமான் அரசன் கனவில் உண்மை உரைத்து அவரை விடுவித்தான்.

மீண்டவர் பாகவதர்களின் ஸ்ரீபாததீர்த்தம் கொண்டு தூயரானார். அடியார் திருவடித்தூளியே தாம் என்று தொண்டரடிப்பொடி எனும் பெயர் பூண்டார். மீண்டும் குடலை ஏந்தி நந்தவனம் புகுந்தார். திருமாலை 45 பாசுரங்களும், திருப்பள்ளியெழுச்சி 10 பாசுரங்களும் அரங்கனுக்கு அவர் சூட்டிய வாடாத சொன்மாலைகள். தேவதேவியும் அரங்கன் தொண்டில் ஈடுபட்டாள்.

இந்நாளில்தான் திருமங்கையாழ்வாரின் திருமதில் இவர் நந்தவனத்தை எதிர்ப்பட்டது. நேரே கட்டினால் மலர்க் கைங்கர்யம் கெடும். செடிகளை வெட்டப் பணிக்காமல், மதிலையே ஒதுக்கிக் கட்டுவித்தார் மங்கை மன்னர். அதனால் உள்ளம் நெகிழ்ந்த தொண்டரடிப்பொடியாழ்வார், தமது நந்தவனக் கருவிக்கு அருள்மாரி என அவர் திருநாமத்தையே சூட்டினார் என்பது குருபரம்பரை.

கல்மதில் பெரிது, அரங்கனுக்காக வளரும் பூஞ்செடி அதனினும் பெரிது என்று இரு ஆழ்வார்களும் காட்டினர். தை அமாவாசைக்கு மறுநாள் திருநாங்கூரில் நிகழும் பதினொரு கருடசேவையில் திருமங்கையாழ்வாரைச் சேவிக்கும் அன்பர்கள், விலகிய அம்மதிலையும் நினைவிற்கொள்க. இல்லம் திரும்பியபின் முற்றத்தில் ஒரு துளசியும் ஒரு நந்தியாவட்டையும் வைத்து, நாள்தோறும் நீர் வார்த்து, முதற்பூவை எம்பெருமானுக்குச் சாற்றி உய்வோமாக.