வில்லெம் கொல்ஃப்: சிறுநீரகத்துக்கு அவகாசம் தேடித் தந்த மருத்துவர்

நாஜி ஆக்கிரமிப்பிலிருந்து நெதர்லாந்து விடுபட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த 1945 செப்டம்பரில், காம்ப்பன் நகர மருத்துவமனைக்கு நினைவிழந்த நிலையில் 67 வயதுப் பெண் ஒருவர் கொண்டுவரப்பட்டார். ஆக்கிரமிப்பாளருடன் ஒத்துழைத்ததற்காகச் சிறை வைக்கப்பட்டிருந்தவர் அவர். அவரது சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. அவரைக் காப்பாற்ற முன்வந்த மருத்துவர் வில்லெம் கொல்ஃப், அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்.

1911இல் லெய்டனில் பிறந்த கொல்ஃப், குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றியபோது, சிறுநீரகம் பழுதான இளைஞர் ஒருவர் கண்ணெதிரே இறப்பதைக் கண்டார். இரத்தத்தில் தேங்கும் யூரியாவை வெளியேற்ற வழியுண்டா என்ற தேடல் அப்போது தொடங்கியது. 1940 மே மாதம் ஜெர்மனி படையெடுத்தது. கொல்ஃபின் யூதப் பேராசிரியர் தற்கொலை செய்துகொண்டார். அவரது இடத்தில் நாஜி ஆதரவாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரின்கீழ்ப் பணிபுரிய விரும்பாத கொல்ஃப், காம்ப்பன் என்ற சிறிய நகருக்குச் சென்றார்.

போர்க்காலப் பற்றாக்குறைக்கு நடுவே, எனாமல் தொழிற்சாலை ஒன்றின் உதவியுடன் அங்கு அவர் தமது இயந்திரத்தை உருவாக்கினார். இறைச்சித் தொழிலில் பயன்படும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, உப்புக் கரைசல் நிறைந்த தொட்டியில் சுழலவிட்டார். குழாயினூடே ஓடும் இரத்தத்திலிருந்து கழிவுகள் கரைசலுக்குள் கசிந்தன. 1943 முதல் 16 நோயாளிகளுக்கு அவர் சிகிச்சையளித்தார். அவர்களில் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர்.

பதினேழாவது நோயாளிதான் அந்தச் சிறைக் கைதி. அவர் பிழைக்கக்கூடாது என்று எண்ணியோர் ஊரில் இருந்தனர். தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் பொறுப்பு, உயிர் காப்பது மருத்துவரின் பொறுப்பு என்ற வேறுபாட்டை கொல்ஃப் தம் செயலால் உணர்த்தினார். 11 மணி நேரச் சிகிச்சைக்குப் பின் கண்விழித்த அப்பெண், மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

தம் கண்டுபிடிப்புக்கு கொல்ஃப் காப்புரிமை கோரவில்லை. போருக்குப் பின் லண்டன், நியூயார்க் உள்ளிட்ட நகரங்களின் மருத்துவமனைகளுக்கு இயந்திரங்களை இலவசமாகவே வழங்கினார். பாஸ்டனில் மேம்படுத்தப்பட்ட அவ்வியந்திரம் கொரியப் போரிலும் பயன்பட்டது. கடும் இரத்த இழப்பால் சிறுநீரகங்களுக்கு இரத்த ஓட்டம் குன்றிய படையினரில் பலர் அதனால் பிழைத்தனர். 1950இல் அமெரிக்காவில் குடியேறிய கொல்ஃப், பின்னர் செயற்கை இதய ஆய்விலும் முன்னோடியாக விளங்கி, 2009இல் தமது 97ஆம் வயதில் காலமானார்.

அவரது இயந்திரம் சிறுநீரகத்தைக் குணப்படுத்தவில்லை. அதற்கு அவகாசம் மட்டுமே தேடித் தந்தது. இரத்தமின்றி நுண்குழாய்களின் உயிரணுக்கள் மடிந்தாலும், எஞ்சியவை பெருகி அச்சேதத்தைச் சீர்செய்ய முயல்கின்றன. இதை விரைவுபடுத்தவே இன்றைய ஆய்வுகள் முனைகின்றன. குருத்தணுக்கள் வெளியிடும் நுண்பைகளில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ எனும் சிறு மூலக்கூறுகள், மரபணுக்களின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்தி, காயமுற்ற அணுக்களைக் காக்க உதவுவதாக விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களில் முடிவுகள் இன்னும் அவ்வாறு அமையவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், குருத்தணுக்கள் குணமடைதலை விரைவுபடுத்தவில்லை.

அத்தகைய சிகிச்சை கைகூடும் வரை, சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த நோயாளிக்குத் துணைநிற்பது காம்ப்பனில் பிறந்த அந்த வழிமுறையே. நோயாளி யார் என்று அதுவும் கேட்பதில்லை.